உஷார்! உங்கள் முற்றத்தையே உங்களுக்கு விற்பார்கள்

உயிராக வைத்திருந்த காரை விற்றுவிட்டு, இப்போது அதையோ அதே மாதிரி இன்னொன்றையோ தேடி அலைகிறீர்களா? அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். மிச்சத்தை வந்து வாசிக்கலாம்.

நான் போட்டவன். ஐம்பதாயிரம் ரூபா. போன வருடம் மே மாதம் ஒரு மத்தியானம், பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி இருபது நிமிடத்துக்குள் போட்டேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் கராஜ்காரர், புறோக்கர், பழைய கூட்டாளிகள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இணையத்திலும் 'தேவை' என்று விளம்பரம் போட்டேன். மஸ்டா ஆர்.எக்ஸ்.8, சிவப்பு, மெனுவல் கியர், இடப்பக்கப் பின் மட்கார்டில் தேங்காய் விழுந்த சின்னக் குழி. 2022இல் நான் விற்ற கார். எங்கே நின்றாலும் வேண்டும், விலையைப் பேசிக்கொள்ளலாம் என்று எழுதினேன். காணாமல் போன பிள்ளைக்கு அங்க அடையாளம் எழுதுவது போல எழுதினேன்.

தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்தன. அதே சிவப்பு. அதே குழி. எண் தகட்டை ஒரு துணியால் மூடியிருந்தார்கள். அது எனக்கு உறுத்தவில்லை. எடுத்துக் கதைத்தவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார்.

“அண்ணன், இது உங்கட கார்தான். வேற ஒராள் பின்னேரம் காசோட வாறார். நீங்க ஆசைப்பட்டுத் தேடுறதால உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். ஒரு அம்பதப் போட்டு விடுங்க, நான் அவர நிப்பாட்டுறன்.”

போட்டேன். இரவு எட்டு மணிக்கு எடுத்தால் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. ஒன்பது மணிக்கும் இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, மூன்றாவது படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மனே, இது நம்மட கிணத்தடிதானே? கொடியில கிடக்கிறது என்ட சீலை.”

கிணற்றடிதான். அம்மாவின் பச்சைக் கரைச் சீலைதான். 2022இல் காரை விற்கப் போட்ட விளம்பரத்துக்கு நானே எடுத்த படங்கள் அவை. தகட்டை மூடிய துணியும் நான் போட்டது. காரைப் பார்த்த கண், அது நின்ற முற்றத்தைப் பார்க்கவில்லை.

ஏமாந்த கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை என்னோடு முடியப்போவதில்லை. 2022இல் ஆசை வாகனத்தை விற்றவர்கள் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது திரும்பத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவர்களுக்கும் அது தெரியும்.

ஏன் விற்றோம் என்று முதலில் நினைத்துப் பாருங்கள்

அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360. ஜூன் 26ஆம் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 வகை 550 ரூபாவுக்கும் ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20.

என் கார் லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர்தான் ஓடும். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். ஒரு கிழமைப் பங்கு முழுவதையும் ஊற்றினால் இரண்டு தரம் போய்வரலாம். மூன்றாம் தரம் வழியில் நின்றுவிடும். வீட்டில் எரிவாயு இல்லை, விறகு தேடிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு நேரத்தில் ஒன்பதாயிரம் சுற்று ஏறும் எஞ்சினை முற்றத்தில் நிறுத்தி வைத்திருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. வந்தவர் எண்ணி வைத்த காசு பெரிதாகத் தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

அந்தக் காசு எப்படிக் கரைந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 170 ரூபா. வங்கியில் போட்ட காசு வங்கியிலேயே மெலிந்தது. கார் மட்டும் மெலியவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்ததால் உள்ளூரில் இருந்த ஒவ்வொரு வாகனத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் விற்றது ஏறுகிற சாமானை, வாங்கிக்கொண்டது இறங்குகிற காகிதத்தை.

இதில் உங்கள் பிழை பெரிதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு கணக்கும். 'அவசரப்பட்டு விற்றுவிட்டேனே' என்று தன்னைத்தானே நோகிறவன், அதைச் சரிக்கட்டுவதாக நினைத்து அதைவிட அவசரமாக வாங்கப் போகிறான். வலை அங்கேதான் விரித்திருக்கிறது.

பெரிய மனிதர்களும் தேடுகிறார்கள்

இந்த ஏக்கம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்த வியாதி அல்ல. சச்சின் டெண்டுல்கரிடம் ஒரு ஃபெராரி 360 மொடேனா இருந்தது. டெஸ்டில் பிராட்மனின் 29 சதங்களை எட்டியதற்காக ஃபியட் நிறுவனம் கொடுத்த பரிசு. 2002இல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் வாங்கியது. அதை 2011இல் சூரத் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டார். ஆனால் 2020 ஆகஸ்டில் ஒரு நேர்காணலில் அவர் ஏங்கிக் கேட்டது ஃபெராரியை அல்ல. கிரிக்கெட்டில் உழைத்த காசில் முதன்முதலாக வாங்கிய மாருதி 800ஐ. அது தன் கையில் இப்போது இல்லை, திரும்பக் கிடைத்தால் சந்தோஷப்படுவேன், அது யாரிடமாவது இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

உலகத்தில் எந்தக் காரையும் வாங்க வசதியுள்ளவர் தேடியது அந்தச் சின்னக் காரை. ஆகவே ஆசை வேகத்தின் மேலும் இல்லை, விலையின் மேலும் இல்லை. எனக்கும் அப்படித்தான். ஆர்.எக்ஸ்.8இல் பிஸ்டன் கிடையாது. முக்கோணச் சுழலி சுற்றும் வாங்கல் எஞ்சின். 1991இல் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் முதல் ஜப்பானிய வெற்றியை மஸ்டாவுக்கு வாங்கித் தந்தது இந்த வகை எஞ்சின்தான். இதையெல்லாம் கூட்டாளிகளிடம் அளந்திருக்கிறேன். ஆனால் இரவில் நினைவுக்கு வருவது வேறு. பின்கதவுகள் இரண்டும் பின்பக்கமாகத் திறக்கும். நடுவில் தூண் இல்லை. அம்மா சீலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நேரே ஏறி உட்கார்ந்துவிடுவார். களுவாஞ்சிகுடி தாண்டி ஓந்தாச்சிமடம் வரும்போது ஒரு பக்கம் வாவிக் காற்று, மறுபக்கம் கடல் இரைச்சல். கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு கியரைக் குறைப்பேன். அந்தச் சத்தத்தைக் கேட்டே வீட்டில் சோற்றைப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் எதுவும் விற்பனைக்கு இல்லை. விற்பனைக்கு இருப்பது இரும்பும் பெயின்றும் மட்டும். புறோக்கருக்கு இந்த வித்தியாசம் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஒருவன் காரை வாங்க வந்திருக்கிறானா, கழிந்த காலத்தை வாங்க வந்திருக்கிறானா என்று முதல் இரண்டு வசனத்தில் கண்டுபிடித்துவிடுவான். இரண்டாவது ஆள் என்றால் விலை வேறு.

பொறி ஒன்று: அட்வான்ஸ்

நான் விழுந்தது இதில். இது நடக்கும் முறை சுலபம். பழைய விளம்பரங்களின் படங்கள் இணையத்தில் அழியாமல் கிடக்கும். நீங்கள் 'தேவை' என்று போட்ட அடையாளங்களை வைத்து ஒருவன் அவற்றைத் தேடி எடுக்கிறான். நிறம், குழி, ஒட்டிய ஸ்டிக்கர் என்று நீங்கள் எவ்வளவு விபரம் கொடுக்கிறீர்களோ, அவ்வளவு அச்சொட்டாக உங்கள் கனவை உங்களுக்கே திருப்பி அனுப்புவான். பிறகு 'இன்னொராள் வாறார்' என்பான். அந்த இன்னொராள் எல்லாக் கதையிலும் வருவார், எந்தக் கதையிலும் வந்து சேரமாட்டார்.

தேடும்போது வகையையும் வருடத்தையும் மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் சோதனைத் தாள். யாராவது படம் அனுப்பினால் வீடியோ அழைப்பில் வரச்சொல்லுங்கள். காரைச் சுற்றி நடந்து, நீங்கள் சொல்கிற கதவைத் திறந்து, நீங்கள் கேட்கிற இடத்தில் கமெராவைப் பிடிக்கச் சொல்லுங்கள். 'சிக்னல் இல்ல', 'கார் மச்சான்ட வீட்ட நிக்குது' என்றால் அத்தோடு விடுங்கள். படத்தில் காரைப் பார்த்த பிறகு, காரை மறந்துவிட்டுப் பின்னணியை ஒருதரம் பாருங்கள். என் அம்மா பார்த்த மாதிரி.

செசி எண்ணைக் கையால் தொட்டுப் பார்க்காத காருக்கு ஐந்து சதமும் அட்வான்ஸ் கிடையாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

பொறி இரண்டு: இரண்டு கார் ஒரு கார்

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. இனி எல்லாம் மலிந்துவிடும் என்று நானும் காத்திருந்தேன். நடந்தது வேறு. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறும் உற்பத்தி வரி, சுங்க வரி, அதன்மேல் மிகைவரி, சொகுசு வரி, 18 சதவீத வற் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அதைவிட முக்கியமான சங்கதி, பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் பழையதைக் கொண்டுவர முடியாது. ஆர்.எக்ஸ்.8இன் உற்பத்தி 2012இல் நின்றுவிட்டது. அப்படியானால் இனி ஒன்றுகூடக் கப்பலில் வராது. நாட்டுக்குள் இருப்பதுதான் இருப்பு. செலிக்கா, இன்டெக்ரா, எஃப்.ரி.ஓ. என்று நீங்கள் எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடினாலும் கதை இதுதான்.

குளத்தில் மீன் குறைந்தால் தூண்டில்காரன் என்ன செய்வான்? அடிபட்டு நொறுங்கிய ஒன்றின் முன்பாதியையும் எரிந்த ஒன்றின் பின்பாதியையும் சேர்த்து ஒட்டுவான். ஒன்றின் பதிவுப் புத்தகத்தை மற்றதன் உடம்புக்கு மாட்டுவான்.

அப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டேன். அட்வான்ஸ் போய் மூன்று மாதம் கழித்து, தெற்கில் ஒரு நகரத்தில் ஒரு ஆர்.எக்ஸ்.8 நிற்பதாகக் கேள்விப்பட்டு, எங்கள் ஊர் கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டைப் பையில் ஒரு காந்தத்துண்டு கொண்டுவந்திருந்தார். பொனட்டில் வைத்தார், ஒட்டவில்லை. “முழுக்கப் பட்டிடா!” என்று கத்தினார். இல்லை அண்ணன், இந்தக் காரில் பொனட்டும் பின்கதவும் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது என்றேன். விற்க வந்தவர் சிரித்தார். கராஜ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. காந்தத்தைப் பின் மட்கார்டில் வைத்தார். அது இரும்பு. அங்கேயும் ஒட்டவில்லை; உள்ளே பட்டி பூசியிருக்கிறது. பிறகு கம்பளத்தைத் தூக்கி, பின்சீற்றடியில் ரோச் அடித்துப் பார்த்தார். தரைத் தகட்டில் குறுக்காக ஒரு வெல்டிங் கோடு, மேலே கறுப்புப் பூச்சு.

“இது ஒரு கார் இல்ல மச்சான், ரெண்டு கார்.”

சிரித்தவரின் சிரிப்பு நின்றது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பயணத்தில் எனக்கு நட்டம் ஒரு நாள் அலைச்சல் மட்டும்.

ஆகவே போகும்போது காந்தம், ரோச், அந்த வகைக் காரை அறிந்த ஒருவர், மூன்றும் வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லாவிட்டால் என் கராஜ்காரர் மாதிரிப் பொனட்டில் ஏமாறுவீர்கள். அல்லது பின்சீற்றடியில் ஏமாறுவீர்கள். செசி எண் அடித்த இடத்தைச் சுரண்டிப் பூசியிருக்கிறதா, எழுத்துகள் ஒரே ஆழத்தில் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணின் தொடக்கமே வகையைச் சொல்லும்: ஜப்பானில் விற்ற ஆர்.எக்ஸ்.8 என்றால் எஸ்.ஈ.3.பி. என்று தொடங்க வேண்டும்.

எஞ்சினுக்கும் வகைக்கு ஒரு சோதனை உண்டு. சாதாரண பிஸ்டன் எஞ்சின் என்றால், நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் தட்டல் சத்தத்தை மறைக்கவே முன்கூட்டிச் சூடாக்கி வைப்பார்கள். வாங்கல் எஞ்சினுக்குத் தலைகீழ். தேய்ந்த எஞ்சின்கூட குளிரில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சூடேறிய பிறகுதான் மக்கர் பண்ணும். ஆகவே இருபது நிமிடம் ஓடி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீட்டி இழுத்தால் காசை மடித்து வையுங்கள். அமுக்கத்தை அளக்கவும் அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். பிஸ்டனுக்குப் போடும் சாதாரண கேஜ் ஒவ்வொரு சுழலியின் மூன்று முகத்தையும் தனித்தனியே காட்டாது. இந்த எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்து எரிப்பது அதன் இயல்பு. 'ஒயில் குடிக்குது, எஞ்சின் போச்சு' என்று சொல்லி விலையைக் குறைப்பவரும் உண்டு. 'ஒரு சொட்டும் குடிக்காது' என்று விற்பவரும் உண்டு. இரண்டாமவர் பொய் சொல்கிறார்.

ஜப்பான் ஏலத்தாளைக் காட்டி மயக்குவார்கள். நாலரைப் புள்ளி, உள்ளே ஏ என்று இருக்கும். பதினைந்து வருடத்துக்கு முந்திய ஏலத்தாள் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இன்றைய காய்ச்சலை அது சொல்லாது. மீற்றரில் உள்ள இலக்கத்தையும் நம்பாதீர்கள். கிளச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், சாரதி சீற்றின் வலப்பக்க ஓரம், மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

தண்ணீர் குடித்த வாகனம்

இது எங்கள் கரையோரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு, உப்புநீர் புகுந்த எஞ்சின் என்றால் என்ன என்று பெரியகல்லாற்றில் பிள்ளைகளுக்கும் தெரியும். கழற்றிக் கழுவி ஓட்டலாம், ஓடும், ஆனால் வயரிங் உள்ளே இருந்து உளுத்துக்கொண்டே வரும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் சும்மா நிறுத்தி வைத்த வாகனத்தையே உப்புக்காற்று அடியில் இருந்து தின்றுவிடும். நான் கிழமைக்கொருக்கால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவேன். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வாகனங்களில் எத்தனையோ இனிக் கழுவி, மணம் அடித்து, சந்தைக்கு வரும். சீற் பெல்ற்றை முடிவு வரைக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். டிக்கியில் உதிரிச் சில்லைத் தூக்கிப் பாருங்கள். முன்விளக்குக்குள் ஈரப்படலம் இருக்கிறதா, சீற் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, வயர் கொழுவும் இடங்கள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே வாசனை அளவுக்கு மிஞ்சி இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே இருங்கள். சேறு தானாக மணக்கும்.

பொறி மூன்று: ஓபன் பேப்பர்

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இது வாங்குபவருக்கு மட்டும் உரியதல்ல, விற்றவருக்கும் உரியது.

2022இல் என் காரை எடுத்தவர் காசை முழுதாகத் தந்தார். உடமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். திகதி இல்லை, வாங்குபவர் பெயர் இல்லை. “நான் நாரஹேன்பிட்டி மோட்டார் திணைக்களத்துக்குப் போய் மாத்திக்கொள்ளுறன் தம்பி, நீங்க அலையாதீங்க” என்றார். பெற்றோல் வரிசைக் காலம். அலையாமல் விட்டதே புண்ணியம் என்று நினைத்தேன். புத்தகத்தின் பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

2024 ஜனவரியில் கொழும்பில் சிசிடிவி கமெராவைப் பார்த்து வீதிக் குற்றங்களுக்குத் தண்டம் அறிவிக்கும் முறை தொடங்கியது. அறிவித்தல் வாகனம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குப் போகும். அந்த வருடக் கடைசியில் எனக்கு ஒன்று வந்தது. சிவப்பு விளக்கில் நில்லாமல் போனதாம் என் கார். கொழும்பு பக்கம் நான் போய் இரண்டு வருடம்.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கார் உயிரோடு இருக்கிறது, ஓடுகிறது, அதுவும் வேகமாக ஓடுகிறது! அந்தக் கடதாசியை இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். இந்தத் தேடல் பைத்தியம் பிடித்ததே அன்றைக்குத்தான். சட்டம் படித்த மைத்துனர்தான் தலையில் குட்டினார். “அத்தான், இது சிவப்பு லைட். நாளைக்கு ஒராள அடிச்சுப்போட்டுப் போனா? உள்ள போதைப்பொருள் பிடிபட்டா? முதல்ல தேடி வாறது உங்களத்தான்.”

கேட்கக் கேட்க வயிறு கலங்கியது. நான் ஏங்கித் தேடிய கார் பதிவின்படி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஓட்டுகிற உரிமை வேறொருவனுக்கு; பொறுப்பு மட்டும் எனக்கு. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் பத்திரம் எத்தனை கை மாறியதோ, யாருக்கும் தெரியாது. என்னிடம் வாங்கியவரின் தொலைபேசி இலக்கம் இப்போது வேறு யாரோ ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது.

நீங்கள் வாங்கும் காரும் இப்படி ஓபன் பேப்பரில் வந்ததாக இருக்கலாம். விற்பவரின் பெயரும் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒன்றல்ல என்றால், இடையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். புத்தகத்துச் சொந்தக்காரரை நேரில் சந்திக்காமல் வாங்காதீர்கள். அவர் இறந்திருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், என்னைப் போலத் தெரியாமல் இருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுங்கள். செசி எண், எஞ்சின் எண், நிறம், வருடம் எல்லாம் காரோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் உரிமையாளராக நின்றால், அந்தக் கடன் முடிந்த கடிதம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பதிவு சரியாக இருந்தாலும் இறக்குமதி சரியா என்று பார்ப்பது வேறு வேலை. 2024 அக்டோபர் கடைசியில் மிரிஹானையில் பதிவில்லாத ஒரு சொகுசுக் கார் தொடர்பில் முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஒருவரே கைதானார். 2025 செப்டெம்பரில் கேரளத்தில் இந்தியச் சுங்கத்துறை, பூட்டான் வழியாகக் கொண்டுவந்து போலிப் பத்திரத்தில் பதிந்ததாகச் சந்தேகித்த வாகனங்களைத் தேடி நடிகர்களின் வீட்டுக் கதவையும் தட்டியது. அவ்வளவு பெரியவர்களின் வாசலுக்கே அது வருமென்றால், கல்லாற்றுக் கிணற்றடிக்கு வர எவ்வளவு நேரம்?

விற்பவர்களே, உங்களுக்கும் ஒன்று. வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் உடமை மாற்றம் நடக்க வேண்டும் என்பது சட்டம். விற்பவர் பத்திரம் எம்.ரி.ஏ. 6, வாங்குபவர் பத்திரம் எம்.ரி.ஏ. 8. இரண்டிலும் பெயரும் திகதியும் நிரப்பிய பிறகுதான் பேனையைத் திறக்க வேண்டும். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, நிரப்பிய பத்திரங்களின் படம், காசு வாங்கிய திகதி எழுதிய பற்றுச்சீட்டு, மூன்றும் உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் அலைச்சல்தான்.

மனதுக்கும் ஒரு சோதனை

கடதாசி பார்த்தாயிற்று, காந்தம் வைத்தாயிற்று, எல்லாம் சரி. அப்போதும் ஒரு பறுவம் கழியட்டும். நல்ல கார் ஒரு மாதத்தில் ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஓடட்டும். அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள் காலையில் எழும்பி, ரயர், வருடக் காப்புறுதி, வரிப்பத்திரம், புகைச் சோதனை, தேடி எடுக்க வேண்டிய உதிரிச் சாமான் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பழைய காரை வைத்திருந்த காலத்தில் இவையெல்லாம் உங்களுக்கு ஒரு சுமையாகவே தெரிந்திருக்காது, வயது வேறு. ஆர்.எக்ஸ்.8ஐக் குளிர் எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு முழம் நகர்த்தி, உடனே நிறுத்தினால் எஞ்சின் பெற்றோலில் நனைந்து மறுபடி பிடிக்காது. எங்கள் வீட்டில் அதனால் எத்தனை சண்டை! இப்போது அதை நான் சிரித்துச் சொல்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கூட்டிப் பார்த்த பிறகும் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆசை பாவம் இல்லை. ஆனால் விற்ற காரையே வாங்கப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். வேறொருவருடைய, வேறு குழி விழுந்த, வேறு காரை வாங்கப் போகிறீர்கள். அப்படி நினைத்துப் போனால் விலையும் சரியாகப் பேசுவீர்கள்.

2022இலோ அதற்குப் பிறகோ பத்திரத்தில் வெறும் கையெழுத்துப் போட்டு வாகனம் விற்ற எவரும் இதை வாசித்தால், இந்தக் கிழமைக்குள் அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று திணைக்களத்தில் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, விற்ற விபரத்தைத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். நான் இரண்டையும் செய்துவிட்டேன். ஆனால் காரையும் அதை வைத்திருப்பவரையும் இன்னும் காணவில்லை.

இடப்பக்கப் பின் மட்கார்டில் தேங்காய் விழுந்த குழியோடு ஒரு சிவப்பு ஆர்.எக்ஸ்.8ஐ எங்கேயாவது கண்டால், ஓட்டுகிறவரை நிறுத்திச் சொல்லுங்கள்: பெரியகல்லாற்றில் ஒருவன் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் காத்திருக்கிறான். திகதியும் போட்டு.